எல்லைக்கோடும் எண்களும்: இணைய முகவரிப் பங்கீட்டின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

எண்களுக்கு முடிவில்லை என்பர். ஆயின், எண்ணை எழுதுவதற்கென ஒதுக்கப்படும் இடத்துக்கு முடிவுண்டு. இணையத்தோடு இணைக்கப்படும் கணனிக்கு வழங்கப்படும் முகவரி, 1981ஆம் ஆண்டில் நிலைபெற்ற விதியின்படி, முப்பத்திரண்டு துவித இலக்கங்களால் ஆனது. ஒவ்வோர் இடத்திலும் பூச்சியம் அல்லது ஒன்று என்னும் இரண்டிலொன்றே வரலாம். எனவே அமையக்கூடிய முகவரிகள் யாவும் சேர்ந்து 4,294,967,296 மாத்திரமே. எழுதும் வசதி கருதி இம்முப்பத்திரண்டையும் எட்டெட்டாகப் பகுத்து, நான்கு பதின்ம எண்களாக, இடையிற் புள்ளியிட்டு எழுதுவது வழக்கமாயிற்று. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாகும்.

இம்முகவரி வெறும் வரிசை எண்ணன்று. அதன் முற்பகுதி ஒரு வலையமைப்பைச் சுட்டும்; பிற்பகுதி அவ்வலையமைப்பினுள்ளே உள்ள கணனியைச் சுட்டும். ஊர்ப்பெயரும் வீட்டிலக்கமும் போன்றவை இவை. தூரத்தேயுள்ள தபாற் கந்தோருக்கு ஊர்ப்பெயர் போதும். வீட்டிலக்கம் ஊருக்குள் வந்த பின்னரே தேவைப்படும். அவ்வாறே செய்திப் பொதிகளை வழிகாட்டி அனுப்பும் வழிப்படுத்திகளும் முற்பகுதியை மட்டும் நோக்கியே தம் பணியைச் செய்கின்றன. முற்பகுதி எவ்விடத்தில் முடிகின்றது, பிற்பகுதி எவ்விடத்தில் தொடங்குகின்றது என்னும் வினா பொறியியலாளருக்கு மட்டும் உரியதொன்றாகத் தோன்றலாம். ஆயின், அவ்வெல்லைக்கோட்டை எங்கே இடுவது என்பதிலேயே யாருக்கு எவ்வளவு இடம் என்பதும் தங்கியிருந்தது. அக்கோடு இடப்பட்டதும், பின்னர் நகர்த்தப்பட்டதும், அதனால் முந்தி வந்தோர் உடைமையாளராகவும் பிந்தி வந்தோர் குடியிருப்பாளராகவும் ஆகியதுமான வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் திணைக்களத்தைச் சார்ந்த ஆராய்ச்சி முகவரகம் ஒன்றின் நிதியுதவியோடு 1969ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்பாநெற் என்னும் வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. லொஸ் ஏஞ்சல்சிலும் சாந்தா பார்பராவிலும் அமைந்த கலிபோர்ணியாப் பல்கலைக்கழகங்கள், ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவகம், யூட்டாப் பல்கலைக்கழகம் ஆகிய நான்குமே தொடக்கத்தில் இணைக்கப்பட்டவை. ஒவ்வோர் இடத்திலும் செய்திகளை வாங்கி அனுப்புவதற்கென ஒரு சிறு கணனி நிறுவப்பட்டது. அன்றைய முகவரியின் நீளம் எட்டுத் துவித இலக்கங்களே. ஆறு இலக்கங்கள் அச்சிறு கணனியைச் சுட்டின. இரண்டு இலக்கங்கள் அதனோடு பொருத்தப்பட்ட பெருங்கணனியைச் சுட்டின. அறுபத்துநான்கு தலங்கள், தலத்துக்கு நான்கு கணனிகள் என்பதே அதன் பொருள். ஒரு பல்கலைக்கழகத்தில் நான்குக்கு மேற்பட்ட கணனிகள் இருக்கும் என எண்ணுவதற்கு அக்காலத்தில் இடமிருக்கவில்லை. இவ்வளவு சிறிய எண்ணினுள்ளேயும் எல்லைக்கோடு ஒன்று இருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

வெவ்வேறு வலையமைப்புக்களை ஒன்றோடொன்று இணைப்பது எவ்வாறு என்பதை விளக்கி வின்ரன் சேர்வ், ரொபேட் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இணையத்தின் மூல ஆவணங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. வலையமைப்பைச் சுட்டுவதற்கு எட்டு இலக்கங்களை அவர்கள் ஒதுக்கினர். இதனால் 256 வலையமைப்புக்களுக்கு இடமுண்டு. எதிர்நோக்கக்கூடிய காலம் வரைக்கும் இது போதும் என்றே அவர்கள் கருதினர். இன்று இதனை வாசிப்போர் நகைத்தல் எளிது. ஆயின், அன்று வலையமைப்பு என்றால் ஒரு நாடு முழுவதையும் தழுவிய பெரும் அமைப்பு என்பதே பொருள். நாட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு எனக் கணக்கிட்டால் 256 என்பது தாராளமான எண்ணே. ஒரு கட்டடத்தினுள் அடங்கிவிடும் வலையமைப்புக்கள் பல்கிப் பெருகும் என்பது பொதுவான அனுபவத்துக்கு அப்பாற்பட்டிருந்தது. கலிபோர்ணியாவில் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1973 முதல் உருவாகிக்கொண்டிருந்த ஈதர்நெற் ஒரு பரிசோதனை முயற்சியாகவே இருந்தது. வரலாற்றில் முற்கூட்டியறிதலின் குறை எப்பொழுதும் அறியாமையின் பயனன்று. சொல்லின் பொருளே பின்னர் மாறிவிடுவதும் உண்டு. வலையமைப்பு என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் அதுவே.

முகவரியின் முழுநீளம் பற்றிய விவாதம் 1977இல் நிகழ்ந்தது. 128 இலக்கங்கள் வேண்டும் என்றோரும், நீளத்தை வரையறுக்காது விடவேண்டும் என்றோரும் இருந்தனர். பொறுப்பிலிருந்த சேர்வ் முப்பத்திரண்டு எனத் தீர்மானித்தார். அது ஒரு பரிசோதனைக்கான தீர்மானமே என்றும், பரிசோதனை முடிவுறாமலே உலகம் அதனைக் கையேற்றுவிட்டது என்றும் அவர் பிற்காலத்தில் விளக்கியுள்ளார்.

1980ஆம் ஆண்டு சனவரியில் வெளியான நடப்பொழுங்கின்படி முதல் எட்டு இலக்கங்கள் வலையமைப்புக்கும், எஞ்சிய இருபத்துநான்கு கணனிக்கும் உரியனவாக இருந்தன. இருபது மாதங்களுக்குள், 1981 செத்தெம்பரில், அது மாற்றப்பட்டது. ஒரே எல்லைக்கோட்டின் இடத்தில் மூன்று கோடுகள் தோன்றின. முகவரியின் முதல் இலக்கம் பூச்சியமாயின் எட்டாம் இலக்கத்தின் பின் எல்லை. இது ஏ வகுப்பு. ஒன்று, பூச்சியம் எனத் தொடங்கினால் பதினாறாம் இலக்கத்தின் பின் எல்லை. இது பீ வகுப்பு. ஒன்று, ஒன்று, பூச்சியம் எனத் தொடங்கினால் இருபத்துநான்காம் இலக்கத்தின் பின் எல்லை. இது சீ வகுப்பு. ஏ வகுப்பு வலையமைப்பொன்றில் 16,777,214 கணனிகளுக்கும், பீ வகுப்பில் 65,534 கணனிகளுக்கும், சீ வகுப்பில் 254 கணனிகளுக்கும் இடமுண்டு. எண்ணை நோக்கிய மாத்திரத்தே எல்லை எங்கே என்பதை வழிப்படுத்தி அறிந்துகொள்ளலாம் என்பது இவ்வேற்பாட்டின் சிறப்பு. நினைவகம் அரிதாயிருந்த அக்காலத்தில் அது சிறு சிறப்பன்று.

ஆயின், இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஏ வகுப்பில் அமையக்கூடிய வலையமைப்புக்கள் 128 மட்டுமே. ஆனால் முழு முகவரிப் பரப்பின் செம்பாதி அவற்றுக்கென ஒதுக்கப்பட்டது. காற்பங்கு பீ வகுப்புக்குச் சென்றது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு வலையமைப்புக்கள் எட்டிலொரு பங்கினுள் அடங்க வேண்டியிருந்தது. பெருநிலக்காரர் சிலரும் சிறுதுண்டுக்காரர் பலரும் உள்ள ஓர் ஊரின் காணி வரைபடத்தை இது நினைவூட்டும்.

இவ்வெண்களை வழங்கும் பொறுப்பு ஜொன் பொஸ்ரெல் என்பவரிடம் இருந்தது. லொஸ் ஏஞ்சல்சிலே பட்டப்பின் மாணவராயிருந்த காலந்தொட்டே ஆர்பாநெற்றின் பல்வேறு எண்களையும் பதிந்து வைக்கும் வேலையை அவர் தாமாகவே மேற்கொண்டிருந்தார். இத்தகைய எண்களை ஒருவர் பொறுப்பேற்று வழங்கவேண்டும் என 1972இல் எழுதியவரும் அவரே. ஒல்லாந்தர் இந்நாட்டிலே தோம்பு எழுதியபோது காணி, அதன் உரிமை, அதனாற் பெறத்தக்க இறை ஆகியவற்றை விசாரித்தே எழுதினர். பொஸ்ரெலின் தோம்பு வேறு வகையானது. இறையில்லை, அளவையுமில்லை, கேட்டவர்க்குக் கேட்டது பதியப்பட்டது. இதிற் பாரபட்சம் இருந்ததெனக் கூறுதல் பொருந்தாது. அன்று கேட்கும் நிலையில் இருந்தோர் யாவர் என்பதே வினா. அமெரிக்க இராணுவம் சார்ந்த ஆய்வோடு தொடர்புடைய பல்கலைக்கழகங்களும், அவற்றைச் சூழ்ந்த கைத்தொழில் நிறுவனங்களுமே பெரும்பாலும் அந்நிலையில் இருந்தன. 10 என்னும் எண் ஆர்பாநெற்றுக்கு, 18 மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு, 36 ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு என்றவாறு பங்கீடு நடைபெற்றது. பின்னர் ஐ.பி.எம்., செரொக்ஸ், அப்பிள், போர்ட் மோட்டார் ஆகியனவும் ஒவ்வொரு ஏ வகுப்பு எண்ணைப் பெற்றன. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில் இத்தகைய எண்கள் பத்துக்கு மேல் சேர்ந்தன.

எல்லைக்கோடு முதன்முதலில் நெகிழ்ந்தது பல்கலைக்கழக வளாகங்களிலேதான். 1980களின் தொடக்கத்தில் ஈதர்நெற் கம்பிகள் துறைதோறும் இழுக்கப்பட்டன. ஒரு துறையில் ஒரு கணனி என்ற நிலைமாறி, ஒவ்வொரு துறையும் தனக்கென ஓர் இடத்துரி வலையமைப்பைக் கொண்டிருந்தது. இவையனைத்தையும் ஒரே கம்பியில் கோத்துவிடல் இயலாது. ஈதர்நெற்றில் ஒரு கணனி தன் அயற்கணனியைத் தேடுமிடத்து எல்லோருக்கும் கேட்கும்படி உரத்துக் கூவியே தேடுகின்றது. கணனிகள் நூற்றுக்கணக்கிற் பெருகுமாயின் கூவும் ஓசையே கம்பியை நிரப்பிவிடும். ஓரிடத்திற் பழுது நேர்ந்தால் அது வளாகம் முழுவதையும் முடக்கும். எனவே பிரித்தல் இன்றியமையாததாயிற்று. ஆயின், பிரித்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வலையமைப்பு எண் வேண்டும் என்றால், உலகிலுள்ள வழிப்படுத்திகள் யாவும் ஒரு பல்கலைக்கழகத்தின் உள்வீட்டு விவரங்கள் அனைத்தையும் மனனஞ் செய்யவேண்டிய நிலை ஏற்படும்.

இச்சிக்கலை முதலில் எதிர்கொண்டது மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம். வகுப்புக்கள் என்ற ஏற்பாடு தோன்றுமுன்னரே அங்கு பல இடத்துரி வலையமைப்புக்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கேட்டிருந்தால் அன்றிருந்த 256 எண்களில் கணிசமான பங்கு ஒரே நிறுவகத்துக்குப் போயிருக்கும். எனவே ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, எஞ்சிய இருபத்துநான்கு இலக்கங்களைத் தாமே மூன்றாகப் பகுத்தனர். முதல் எட்டு உள்வலையைச் சுட்டின. நடு எட்டு பயன்படுத்தாது விடப்பட்டன. இறுதி எட்டு கணனியைச் சுட்டின. ஸ்ரான்போர்ட்டின் கதை வேறு. அங்கு 1979 முதல் செரொக்ஸ் நிறுவனத்தின் பப் என்னும் நடப்பொழுங்கின்படி பல ஈதர்நெற் வலையமைப்புக்கள் இயங்கிவந்தன. அவற்றுக்கு ஏற்கெனவே எட்டு இலக்க எண்கள் இருந்தன. இணைய நடப்பொழுங்கு வந்தபோது அப்பழைய எண்களையே புதிய முகவரியின் நடுவிற் செருகிக்கொண்டனர். கார்ணெகி மெலன் பல்கலைக்கழகம் மூன்றாவது வழியை நாடிற்று. அங்கு ஒரு பீ வகுப்பு எண்ணின் கீழ் பதினொரு பௌதிக வலையமைப்புக்கள் இருந்தன. முகவரியிற் பிரிவினை எதுவுஞ் செய்யாமல், இடையிலிருந்த பாலங்கள் தேடுங் கூவலுக்குத் தாமே மறுமொழி கூறி, பிரிவு இருப்பதையே கணனிகள் அறியாதவாறு மறைத்தன. பப் பின்னர் மறைந்துபோயிற்று. அதன் எண்களுக்கென வெட்டப்பட்ட பாத்தி மட்டும் எஞ்சியது. தற்செயலின் பங்கு தொழில்நுட்ப வரலாற்றில் எவ்வளவு பெரிது என்பதற்கு இது நல்ல சான்று.

இம்மூன்று வழக்குகளையும் ஒப்பிட்டு, பொதுவிதி ஒன்று வேண்டும் என வாதிட்டவர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெவ்ரி மோகுல். 1984 ஒக்டோபரில் வெளியான அவரது குறிப்பு, உபவலை என்னும் கருத்தை முறையாக முன்வைத்தது. அதனைத் தொடர்ந்து சில மாதங்களுக்குள் மாற்றுத் திட்டங்கள் பல எழுந்தன. பொஸ்ரெல் ஒரு திட்டம் எழுதினார். மசாசூசெற்ஸிலிருந்து டேவிட் கிளார்க்கும், பேர்க்லியிலிருந்து மைக்கல் கரெல்சும் வேறு வேறு வழிகள் கூறினர். இறுதியில் 1985 ஓகத்தில் மோகுலும் பொஸ்ரெலும் இணைந்து எழுதிய 950ஆம் இலக்கக் குறிப்பு நியமமாயிற்று. வெவ்வேறு திட்டம் கூறியோர் ஒரே ஆவணத்தில் ஒப்பமிட்டமை அக்காலத்து ஆய்வாளரிடையே நிலவிய உறவின் தன்மையைக் காட்டுவதாகும்.

அந்நியமத்தின் உயிர்நிலை மறைப்பு எண் என்பதாகும். எல்லை எங்கேயென்பதை முகவரியே கூறவேண்டியதில்லை. வேறோர் எண் அதனைக் கூறட்டும் என்பதே கருத்து. அம்மறைப்பு எண்ணிலும் முப்பத்திரண்டு இலக்கங்கள் உள. ஒன்று எங்கெல்லாம் உள்ளதோ அங்கெல்லாம் முகவரியின் இலக்கம் வலையமைப்புக்கோ உபவலைக்கோ உரியது. பூச்சியம் உள்ள இடம் கணனிக்குரியது. உதாரணமாக, ஒரு சிறு கல்வி நிறுவனத்திடம் 192.168.5 எனத் தொடங்கும் முகவரிகள் உள்ளன எனக் கொள்க. கலைப்பீடம், விஞ்ஞானபீடம், நூலகம், பதிவாளர் அலுவலகம் எனப் பல பிரிவுகள் அதனைப் பங்கிட வேண்டும். 255.255.255.224 என்ற மறைப்பு எண்ணைத் தெரிந்தால், இறுதி எண்ணான 224 துவிதத்தில் 11100000 ஆகும். அஃதாவது, இறுதி எட்டு இலக்கங்களுள் முதல் மூன்று உபவலைக்கும், எஞ்சிய ஐந்து கணனிக்கும் உரியன. இவ்வாறு எட்டு உபவலைகள் அமையும். ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உபவலையின் பெயராகவும், கடைசி எண் எல்லோரையுங் கூவியழைப்பதற்காகவும் ஒதுக்கப்படுவதால் முப்பது கணனிகளுக்கு இடமுண்டு. 192.168.5.130 என்ற கணனி 192.168.5.150 என்ற கணனியோடு பேச விரும்பின் முதலில் மறைப்பைப் பொருத்திப் பார்க்கும். 130 என்பது 10000010. 150 என்பது 10010110. இரண்டிலும் முதல் மூன்று இலக்கங்கள் 100. எனவே இருவரும் ஒரே உபவலையினர், நேரே அனுப்பலாம். 192.168.5.165 ஆயின் 165 என்பது 10100101; முதல் மூன்று 101. அது வேலிக்கு அப்பாலுள்ளது. பொதியை வழிப்படுத்தியிடம் கையளித்தல் வேண்டும். கணனி ஒவ்வொரு பொதிக்கும் செய்வது இவ்வளவே.

வளவுக்குள் எத்தனை வேலி உண்டென்பது வெளியாருக்குத் தெரியவேண்டியதில்லை. உலகம் ஒரே எண்ணைக் காணும். பிரிவினை உள்ளேயே நிகழும். ஒரு நிறுவனம் தன் உபவலைகளை மாற்றியமைத்தாலும் வெளியிலுள்ள எந்த வழிப்படுத்தியும் அதனை அறியாது. ஆயின், சில வீண்செலவுகளும் இதில் இருந்தன. எல்லா இலக்கமும் பூச்சியமான உபவலையையும், எல்லா இலக்கமும் ஒன்றான உபவலையையும் பயன்படுத்தலாகாது என 1985இன் விதி கூறிற்று. மேற்காட்டிய உதாரணத்தில் எட்டில் இரண்டு, அஃதாவது காற்பங்கு, தரிசாகக் கிடக்கும். பழைய கருவிகள் குழம்பிவிடும் என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். பத்தாண்டுகளின் பின், 1995இல் வெளியான குறிப்பொன்று, இவ்வழக்கம் காலாவதியாயிற்று என அறிவித்தது. அதன் பின்னரும் பாடநூல்கள் நெடுங்காலம் இரண்டைக் கழித்துக் கழித்தே கணக்குக் காட்டி வந்தன.

உபவலை பெருநிலக்காரருக்குத் தம் நிலத்தைச் சீராக ஆள வழிசெய்தது. ஆனால் நிலமற்றோருக்கும் சிறுதுண்டுக்காரருக்கும் அது எதனையும் தரவில்லை. வெளியே மூன்று வகுப்புக்களும் அப்படியே இருந்தன. முந்நூறு கணனிகளையுடைய ஒரு நிறுவனத்தை எண்ணிப் பார்க்க. சீ வகுப்பு அதற்குப் போதாது. பீ வகுப்பைப் பெற்றால் 65,234 முகவரிகள் வீணாகும். இரண்டு சீ வகுப்பு எண்களை வழங்கினால் முகவரி வீணாகாது. ஆயின், உலகின் வழிப்படுத்தற் பட்டியல்களில் ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரிகள் சேரும். எனவே பீ வகுப்பே வழங்கப்பட்டது. ஆயிரம் கணனிகளையுடைய நிறுவனமும் தன் பீ வகுப்பு எண்ணில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கையே பயன்படுத்திற்று. இணைய முகவரிகள் தீர்ந்துபோனமைக்குக் கணனிகளின் பெருக்கமே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. அது முழு உண்மையன்று. தட்டுப்பாடு முதலிற் தோன்றியது முகவரியில் அல்ல, பங்கின் அளவில்.

1990 ஓகத்தில் வன்கூவரில் நடைபெற்ற இணையப் பொறியியற் செயலணியின் கூட்டத்தில் பிராங்க் சொலென்ஸ்கி என்பவர் ஒரு கணக்கை முன்வைத்தார். அப்போதைய வேகத்தில் வழங்கிச் சென்றால் பீ வகுப்பு எண்கள் 1994 மார்ச்சில் தீர்ந்துவிடும் என்பதே அது. அடுத்த ஆண்டு நவம்பரில் சாந்தா பே நகரிற் கூடிய கூட்டத்தில் இதற்கென ஒரு குழு அமைக்கப்பட்டது. 1992 யூனில் உபவலைக்கு மறுதலையான ஒரு கருத்து வெளியாயிற்று: பெரிய எண்ணை உள்ளே துண்டாடுவது போல, அடுத்தடுத்துள்ள சிறிய எண்களை வெளியே ஒன்றாகச் சேர்க்கலாம் அல்லவா? 1993 செத்தெம்பரில் இது வகுப்பற்ற வழிப்படுத்தல் என்னும் நியமமாயிற்று. ஏ, பீ, சீ என்ற வகுப்புக்கள் ஒழிந்தன. எல்லைக்கோடு எவ்விலக்கத்தின் பின்னும் வரலாம். அது எங்கே உள்ளது என்பதைச் சாய்கோட்டின் பின் எழுதும் எண் சொல்லும். முந்நூறு கணனிகளுக்கு இருபத்துமூன்றாம் இலக்கத்தின் பின் கோடிட்டால் 510 இடங்கள். வழிப்படுத்தற் பட்டியலில் ஒரே வரி. வளாகத்தினுள் 1985இல் அனுமதிக்கப்பட்ட மறைப்பு எண் எட்டாண்டுகளின் பின் உலகப் பொதுவிதியாயிற்று. ஏ வகுப்பின் பிற்பாதி எண்கள், 64 முதல் மேலே, அதுவரை வழங்கப்படாமல் சேமிப்பில் இருந்தன. அவற்றைச் சிறுசிறு கூறுகளாக வெட்டி வழங்குவதும் இதனாலேயே சாத்தியமாயிற்று.

ஆயின், இச்சீர்திருத்தம் உடைமையின் இயல்பையே மாற்றியது. பட்டியல்கள் சுருங்கவேண்டுமாயின் அடுத்தடுத்த எண்கள் ஒரே திசையில் இருத்தல் வேண்டும். அஃதாவது, இணையச் சேவை வழங்கும் நிறுவனம் பெருங்கூறொன்றைப் பெற்று, அதிலிருந்து தன் வாடிக்கையாளருக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். வாடிக்கையாளர் வேறொரு நிறுவனத்துக்கு மாறினால் பழைய எண்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம் கணனிகள் அனைத்துக்கும் புதிய எண்களை இட வேண்டும். 1996 ஒக்டோபரில் வெளியான ஒரு குறிப்பு இதனை வெளிப்படையாகவே, உடைமைக்கு எதிரான இரவல் முறை என வகுத்துரைத்தது. பொறியியல் நோக்கில் இது தவிர்க்கவொண்ணாதது. எனினும், 1980களிற் பெற்றோர் உறுதியின்றியே உரிமையாளராக இருக்க, 1990களில் வந்தோர் ஒப்பந்தத்தின் கீழ் குடியிருப்போராயினர் என்பதை மறைத்தலாகாது. பழையோரின் எண்களைத் திரும்பப் பெறுவதற்கு எவ்வகை அதிகாரமும் எவரிடத்திலும் இருக்கவில்லை.

பங்கீட்டு நிருவாகமும் இக்காலத்திற் பரவலாக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு 1992இலும், ஆசிய பசிபிக் பிரதேசத்துக்கு 1993இலும், வட அமெரிக்காவுக்கு 1997இலும், இலத்தீன் அமெரிக்காவுக்கு 2002இலும், ஆபிரிக்காவுக்கு 2005இலும் தனிப் பதிவகங்கள் உருவாயின. இலங்கை இரண்டாவதன் எல்லைக்குள் அடங்கும். பொஸ்ரெல் 1998 ஒக்டோபரிற் காலமானார். அவர் தனியொருவராக எழுதிவந்த தோம்பு அதற்குமுன்னரே பல கைகளுக்குச் சென்றுவிட்டது.

இடைக்காலத்தில் இன்னொரு தணிப்பு முறையும் தோன்றியது. வெளியுலகோடு நேரடியாகப் பேசவேண்டாத கணனிகளுக்குப் பொதுவான சில எண்களை எவரும் கேளாமலே பயன்படுத்தலாம் என 1994இல் முன்மொழியப்பட்டு, 1996 பெப்ரவரியில் அது நிலைபெற்றது. அவ்வாறு பொதுவாக்கப்பட்டவற்றுள் பெரியது 10 என்னும் எண். 1990இல் ஆர்பாநெற் கலைக்கப்பட்டபோது உரிமையாளரின்றி எஞ்சிய எண் அதுவே. இணையத்தின் மூதாதையின் முகவரி, ஊர்ப்பொதுப் புறம்போக்காயிற்று எனலாம். 192.168 எனத் தொடங்கும் எண்களும் இத்தகையனவே. ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள கணனிகள் யாவும் இத்தகைய எண்களைக் கொண்டு, வெளியே செல்லுமிடத்து ஒரே பொது முகவரியின் மறைவில் நின்று பேசும் உத்தியும் 1994இலேயே விவரிக்கப்பட்டது. தட்டுப்பாட்டை இது பல ஆண்டுகள் பின்போட்டது. ஆனால் எந்தக் கணனியும் எந்தக் கணனியோடும் நேரே பேசலாம் என்ற மூலக்கொள்கை இதனாற் குலைந்தது. பொது முகவரி பெறுதல் பலருக்கு அரிதாயிற்று.

இவ்வாறெல்லாம் நீடித்த முகவரிப் பொதுக்களஞ்சியம் 2011 பெப்ரவரி 3ஆம் திகதி வெறுமையாயிற்று. எஞ்சிய ஐந்து பெருங்கூறுகள் ஐந்து பதிவகங்களுக்கும் ஒவ்வொன்றாக வழங்கப்பட்டன. முதலில் இறுதிக்கூறை எட்டியது ஆசிய பசிபிக் பதிவகமே. அதே ஆண்டு ஏப்பிரல் 15ஆம் திகதி அது நிகழ்ந்தது. அன்று முதல் ஓர் உறுப்பினருக்கு அவ்விறுதிக் கூறிலிருந்து ஆகக்கூடியது 1,024 முகவரிகளே வழங்கப்படும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலிருந்து விண்ணப்பிக்கும் நிறுவனத்துக்கும் இவ்விதியே. 1981ஆம் ஆண்டின் பட்டியலிலே ஒரு பல்கலைக்கழகம் பெற்ற ஏ வகுப்பு எண்ணோடு ஒப்பிட்டால் இது 16,384இல் ஒரு பங்கு. 2019 பெப்ரவரியில் அந்த 1,024உம் 512 ஆகக் குறைக்கப்பட்டது.

பங்கீடு முடிந்த இடத்திற் சந்தை தொடங்கியது. 2011இல் வங்குரோத்தடைந்த நோர்ட்டெல் நிறுவனத்திடமிருந்து 666,624 முகவரிகளை மைக்ரோசொப்ற் நிறுவனம் 75 இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. முகவரி ஒன்றுக்குப் பதினொரு டொலருக்குச் சற்றுக் கூடுதலான விலை. இலவசமாகப் பதியப்பட்டவை விலைப்பொருளாயின. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் 2017இல் தன் ஏ வகுப்பு எண்ணில் ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் முகவரிகள் பயன்படுத்தப்படாமல் இருப்பதை அறிவித்து, எண்பது இலட்சத்தை விற்பனைக்கு ஒதுக்கியது. அமேசான் நிறுவனம் பெருங்கூறை வாங்கிற்று. உபவலையின் தொட்டில்களுள் ஒன்றான வளாகத்தில், மூன்றாகப் பகுத்து நடு எட்டு இலக்கங்களை வெறுமையாக விட்ட அதே எண்தான் அது.

128 இலக்கங்களைக் கொண்ட புதிய முகவரி முறை 1995 திசெம்பரிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. 1977இல் ஒதுக்கப்பட்ட அதே 128. அதிலும் எல்லைக்கோட்டுப் பிணக்கு ஓயவில்லை. தலம் சிறிதாயினும் பெரிதாயினும் நாற்பத்தெட்டாம் இலக்கத்தின் பின் கோடிட்டு ஒரே அளவாக வழங்குக என 2001இல் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு வீட்டுக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் 65,536 உபவலைகள் என்பது அதன் விளைவு. 2011 மார்ச்சில், பழைய களஞ்சியம் வெறுமையாகி ஒரு மாதத்தின் பின், அப்பரிந்துரை கைவிடப்பட்டது.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் நடந்துகொண்ட முறை வேறு. விற்கும் சந்தை தோன்றுமுன்னரே, 2000ஆம் ஆண்டில், தன் வளாகத்துக் கணனிகளுக்கெல்லாம் புதிய முகவரிகள் இட்டு, 36 என்னும் எண்ணை அது பொதுக்களஞ்சியத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. அவ்வாறு செய்யும்படி அதனை எவரும் கட்டாயப்படுத்தியிருக்க இயலாது. பத்தாண்டுகள் களஞ்சியத்திற் கிடந்த அந்த எண், 2010 ஒக்டோபரில், கதவு மூடப்படுவதற்கு நான்கு மாதங்கள் இருக்கையில், ஆசிய பசிபிக் பதிவகத்துக்கு வழங்கப்பட்டது.